பயண நேரத்தில் காதால் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் ஒரே வழியில் பஸ்ஸிலோ ரயிலிலோ காரிலோ போய்வருகிறவர்கள், அந்த நேரத்தில் ஏதாவது கேட்டுக் கற்றுக்கொள்ளலாமே என்று நினைக்கும்போது எழுகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நானும் பல வருடமாக அப்படிப் போய்வருகிற ஆள்தான். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. வாரத்துக்கு 5 நாள், வருடத்துக்கு 48 வாரம் என்று வைத்துக்கொண்டால் 360 மணி நேரம் ஆகிறது. அதில் நிறைய வீணாக்கியும் இருக்கிறேன், நிறையக் கற்றும் இருக்கிறேன். அந்த இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

கேட்டுக் கற்பது படித்துக் கற்பதற்கு ஈடாகுமா?

கவனம் கூடவே இருந்தால் ஈடாகும். 2016-இல் வெளியான ரோகோவ்ஸ்கி குழுவினரின் ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே உரைப்பகுதியைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள், சிலருக்கு ஒலியாகக் கொடுத்தார்கள், சிலருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். முடித்த உடனேயும் 2 வாரம் கழித்தும் கேள்வி கேட்டுப் பார்த்ததில் மூன்று குழுவினருக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் 2010-இல் டேனியல், உடி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் செய்து பார்த்தது வேறு மாதிரி வந்தது. ஒரு கட்டுரையைப் பாதிப் பேர் படித்துவிட்டு வர வேண்டும், மீதிப் பேர் அதையே பாட்காஸ்டாகக் கேட்டுவிட்டு வர வேண்டும். வகுப்பில் வைத்த தேர்வில் கேட்டு வந்தவர்கள் நன்றாகவே பின்தங்கினார்கள்.

இரண்டும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. படிக்கும்போது புரியாத வரியில் கண் தானாக நின்றுவிடுகிறது. ஒரு வரி பின்னால் போய்விட்டு வருகிறது. ஒலி நமக்காக நிற்பதில்லை. மனம் எங்கோ போய்விட்டுத் திரும்பும்போது பேச்சாளர் இரண்டு நிமிடம் தாண்டிப் போயிருப்பார். காதுக்குத் திறமை போதாது என்று யாரும் நினைக்க வேண்டாம். கவனம் நழுவினால் அதைத் தட்டிச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் குறை.

தினமும் கேட்கிறேன். ஆனால் ஒன்றும் மனதில் நிற்பதில்லையே, ஏன்?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். எனக்கும் இதேதான் நடந்தது. ஒரு தடவை ஏழு மாதம் விடாமல் பழைய பேரரசுகளின் வரலாறாகக் கேட்டேன். ஒருநாள் பக்கத்து இருக்கையில் வந்த நண்பர், “எப்பப் பார்த்தாலும் காதில் மாட்டியிருக்கீங்களே, என்ன கேக்கறீங்க?” என்றார். ரோமப் பேரரசின் வீழ்ச்சி என்றேன். “அது எப்படி விழுந்தது?” என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். நான் வாயைத் திறந்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. கேட்கும்போது எல்லாம் புரிந்தது, ரசித்தேன், அடுத்த எபிசோடுக்குக் காத்திருந்தேன். ஆனால் கையில் ஒன்றும் இல்லை. அன்று இறங்கி நடக்கும்போது மனம் மிகவும் கனத்துப் போயிருந்தது.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற ஒன்று. பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு மறுபடியும் மனப்பாடம் செய்து, இரண்டாம் தடவை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சமானது. ஒரு நாள் கழித்து சுமார் 34 சதவீதம். ஒரு மாதம் கழித்து 21 சதவீதம். பொருளுள்ள பேச்சு இவ்வளவு வேகமாக மறக்காது என்பது உண்மை. ஆனால் வளைவின் வடிவம் கிட்டத்தட்ட அதேதான்: முதல் சில மணி நேரத்தில் சரசரவென்று இறங்கும், பிறகு மெதுவாகும்.

அந்த இறக்கத்தை எது தடுக்கிறது என்பதற்கு 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் செய்த சோதனை நல்ல விடை தருகிறது. மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஒரு சாராரை மறுபடி படிக்கச் சொன்னார்கள்; மறு சாராரிடம் தாளைக் கொடுத்து, பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: நினைத்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம்.

ஆக, உள்ளே போவது மட்டும் போதாது. ஒரு தடவையாவது நாமாக வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். பயணத்தில் கேட்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். வண்டி நிற்கும், எபிசோடு பாதியில் இருக்கும், இயர்போனோடேயே இறங்கி நடப்போம், அலுவலக வாசலில் கழற்றிப் பையில் போடுவோம். அடுத்த நொடியில் மின்னஞ்சல், வேலை, கூட்டம். கேட்டதை எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஒதுக்கியிருக்க மாட்டோம்.

அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும்?

இறங்குவதற்கு 5 நிமிடம் முன்னால் ஒலியை நிறுத்திவிடுங்கள். எபிசோடு முடிந்தாலும் முடியாவிட்டாலும் நிறுத்துங்கள். நான் இறங்கும் இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் ஒரு பாலம் வரும். பாலம் வந்தால் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லை, வண்டி பாலத்தில் ஏறும்போது வரும் அந்தச் சத்தமே போதும்.

நிறுத்திய பிறகு வலது கைக் கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் வைக்கிறேன். இன்று கேட்டதில் முதல் விஷயம் என்ன? ஒரு வாக்கியமாக மனதுக்குள் சொல்ல வேண்டும். ‘எரிமலை பற்றிச் சொன்னார்’ என்றால் செல்லாது. ‘பாறைக்குழம்பு கெட்டியாக இருந்தால் வாயு வெளியேற முடியாமல் அழுத்தம் கூடி வெடிக்கிறது, நீர்த்திருந்தால் வழிந்து ஓடுகிறது’ என்றால் செல்லும். சொல்ல முடிந்தால் கட்டைவிரல் அடுத்த கணுவுக்குப் போகலாம். மூன்று கணு நிரம்பினால் அன்றைய பயணம் நல்ல பயணம். சில நாள் ஒன்றிலேயே நின்றுவிடும். பரவாயில்லை. ‘இங்கே ஏதோ ஒரு காரணம் சொன்னாரே, என்ன அது?’ என்று தடவிப் பார்க்கிற அந்தத் தவிப்பே வேலை செய்கிறது. வரவில்லை என்றால் மாலையில் அந்த இடத்தை மட்டும் மறுபடி கேட்கலாம்.

எழுதி வைக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: முடிந்தால் நல்லது. இறங்கியதும் மூன்று வரி போனில் தட்டி வைத்தால் ஒரு மாதம் கழித்துப் பார்க்கச் சுகமாக இருக்கும். ஆனால் கூட்டத்தில் நின்றுகொண்டு எழுத முடியாதவர்கள் அதற்காக இதை விட்டுவிட வேண்டாம். மனதுக்குள் சொன்னாலே போதும்.

காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் தினமும் இரண்டு பயணம் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று பலர் கவனிப்பதில்லை. ஒரு விஷயத்தை ஒரே மூச்சில் இரண்டு தடவை கேட்பதைவிட, நடுவே சில மணி நேரமோ சில நாளோ விட்டுக் கேட்டால் நன்றாக நிற்கும். நினைவாற்றல் ஆய்வில் நூறு வருடத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம் இது. காலைக்கும் மாலைக்கும் நடுவே எட்டு, ஒன்பது மணி நேரம் தானாகவே அமைந்துவிடுகிறது.

நான் செய்வது இது. காலையில் புதியது. மாலையில் ஏறியதும் இயர்போனை மாட்டுவதற்கு முன்னால், காலையில் எண்ணிய மூன்றையும் ஒரு தடவை நினைத்துப் பார்ப்பேன். தெளிவாக வந்தால் புதியதையோ, பாட்டையோ, ஒன்றும் இல்லாமல் ஜன்னலையோ எடுத்துக்கொள்வேன். வரவில்லை என்றால் காலையில் கேட்டதில் மங்கலான பகுதியைத் திரும்ப ஓட்டுவேன். வெள்ளிக்கிழமை மாலை அந்த வாரம் முழுவதையும் ஒரு தடவை.

எந்தப் பாடங்கள் காதுக்கு ஒத்துவரும்? எவை வராது?

கதைபோல ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவது எல்லாம் ஒத்துவரும். வரலாறு, வாழ்க்கை வரலாறு, அறிவியல் கண்டுபிடிப்புகளின் பின்னணி, தத்துவம், பொருளாதாரக் கருத்துகள், மொழி, இசை. விவாதங்களும் நன்றாக ஒத்துவரும். இரண்டு குரல் ஒன்றோடொன்று மோதும்போது யார் என்ன சொன்னார் என்பது நினைவில் ஒட்டிக்கொள்கிறது.

கணிதத்தின் உள்வேலை வராது. ‘ஏ கூட்டல் பி-யின் வர்க்கம்’ என்று காதில் விழுந்தால், இரண்டையும் கூட்டி வர்க்கம் எடுப்பதா, பி-க்கு மட்டும் வர்க்கம் எடுப்பதா? தாளில் ஒரு அடைப்புக்குறி தீர்த்துவைக்கிற சிக்கல் காதில் தீராது. நிரல் எழுதக் கற்பது, கணக்குப் பதிவு, வரைபடம், அட்டவணை எல்லாமே இப்படித்தான். அவற்றின் வரலாற்றையும் ஏன், எதற்கு என்பதையும் கேட்கலாம். செய்து பழகுவதை மேசைக்கு விட்டுவிட வேண்டும்.

நடுவில் ஒரு ரகம் இருக்கிறது. படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் காதாலேயே பிடிக்கலாம். இதயத்தில் ரத்தம் ஓடும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பிலிருந்து வலது மேலறைக்கு வருகிறது, அங்கிருந்து வலது கீழறை, அங்கிருந்து நுரையீரல், திரும்பி இடது மேலறை, பிறகு இடது கீழறை, அங்கிருந்து மறுபடி உடம்பு முழுவதும். படமே பார்க்காதவருக்கு இது வெறும் வலது, இடது. முந்தின இரவு ஐந்து நிமிடம் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, கேட்கக் கேட்க ரத்தத்தோடு சேர்ந்து தானும் போவதுபோல இருக்கும். இப்படிப்பட்ட பாடங்களுக்கு இரவு ஐந்து நிமிடப் படம், காலை முக்கால் மணி ஒலி என்ற கூட்டணி அருமையாக வேலை செய்யும்.

ஒரு புதிய மொழியைப் பயணத்திலேயே கற்றுவிடலாமா?

பேச்சு மொழியின் தொடக்கத்தைக் கற்கலாம். மற்ற எல்லாப் பாடத்தையும்விடக் காதுக்கு உரியது மொழிதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் இதில் வெறுமனே கேட்பது அறவே உதவாது. பதில் சொல்ல வேண்டும்.

பால் பிம்ஸ்லர் என்ற மொழிப் பேராசிரியர் 1967-இல் ஒரு கால அட்டவணையை முன்வைத்தார். புதிய சொல்லைக் கேட்டபின் 5 விநாடியில் ஒரு தடவை நினைவுபடுத்து, அப்புறம் 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 வருடம். மறக்கப்போகிற தறுவாயில் இழுத்துப் பிடிப்பதுதான் இதன் சூட்சுமம். அவர் பெயரில் வருகிற ஒலிப்பாடங்கள் ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம். கேள்வி கேட்டுவிட்டு இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளியில் நாம் சொல்ல வேண்டும். பிறகு சரியான விடை வரும்.

அந்த இடைவெளியை விட்டுவிட்டுச் சும்மா விடைக்காகக் காத்திருந்தால் பாடத்தின் பயனே போய்விடும். பஸ்ஸில் எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று கூச்சமாக இருக்கும். குரல் எழுப்பத் தேவையில்லை. உதட்டையும் நாக்கையும் அசைத்தால் போதும். நான் ஜப்பானிய மொழி தொடங்கியபோது ‘எகி வா தோகோ தெஸ் கா’ என்பதை, அதாவது ‘ரயில் நிலையம் எங்கே’ என்பதை, ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டுக்குள்ளேயே பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் வருகிற ‘கா’ அங்கே கேள்வியைக் காட்டுகிறது. ‘வருவானா’ என்பதில் நாம் கடைசியில் ‘ஆ’ சேர்ப்பதை நினைத்துக்கொண்டதும் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. சொந்த மொழியில் ஒரு கொக்கி கிடைத்தால் உடனே மாட்டி வையுங்கள்.

எழுத்தும் வாசிப்பும் காதால் வராது. அதற்கு வீட்டில் தனியாக நேரம் வேண்டும்.

வேகத்தைக் கூட்டிக் கேட்டால் அதிகம் கற்கலாமா?

மர்ஃபி குழுவினர் கல்லூரி மாணவர்களுக்கு விரிவுரைக் காணொளிகளைப் பல வேகங்களில் காட்டிப் பார்த்தார்கள். 2 மடங்கு வரை புரிதலில் பெரிய இழப்பு இல்லை, 2.5 மடங்கில் இறங்கியது. ஆனால் அவர்கள் கவனத்தோடு உட்கார்ந்து திரையைப் பார்த்தவர்கள். நீங்கள் நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறீர்கள். அதனால் நான் 1.25-ஐத் தாண்டுவதில்லை. பேச்சாளர் இழுத்து இழுத்துப் பேசினால் 1.5.

பார்வையற்றவர்களில் பலர் திரைவாசிப்பு மென்பொருளைச் சாதாரணப் பேச்சைப்போலப் பல மடங்கு வேகத்தில் கேட்பார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சலாகக் கேட்கும். நீண்ட பழக்கத்தில் வந்த திறன் அது. ஒலிநூல் என்பதே 1930-களில் அவர்களுக்காகத் தொடங்கப்பட்டதுதான். காதால் கற்பதில் அவர்கள் நம் எல்லோருக்கும் மூத்தவர்கள்.

வேகத்தைவிட எனக்குப் பயன்பட்ட பொத்தான் 15 அல்லது 30 விநாடி பின்னால் போகும் பொத்தான். மனம் நழுவியது தெரிந்ததும் தயங்காமல் அழுத்துங்கள். ஒரு பயணத்தில் பத்து தடவை அழுத்தினாலும் தவறில்லை.

பக்கத்தில் பேச்சு, சுற்றிலும் சத்தம். எப்படிக் கவனிப்பது?

ஒரே நேரத்தில் இரண்டு பேச்சை யாராலும் கவனிக்க முடியாது. காலின் செர்ரி என்ற ஆய்வாளர் 1953-இல் இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் கூடவே திரும்பச் சொல்லச் சொன்னார். மற்ற காதில் என்ன பேசப்பட்டது என்று பிறகு கேட்டால் அவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியவில்லை. நடுவில் அது ஜெர்மன் மொழிக்கு மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. ஆகவே பக்கத்து இருக்கைப் பேச்சில் காது போய்விட்டால், ஒலியை நிறுத்திவிடுங்கள். அந்தப் பேச்சு ஓய்ந்ததும் தொடரலாம். இரண்டையும் இழுத்துப் பிடிக்கப் பார்த்தால் இரண்டும் போகும்.

வெளிச்சத்தம் இல்லாமலே மனம் அலைவது தனி விஷயம். 2013-இல் வந்த ஓர் ஆய்வில் மனதுக்குள் படிப்பது, வாய்விட்டுப் படிப்பது, கேட்பது என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். மனம் அதிகம் அலைந்தது கேட்கும்போதுதான். ஆகவே உங்களுக்கு மட்டும் ஏதோ குறை என்று நினைக்காதீர்கள். ஏறியதும், ‘இன்று இதில் நான் தெரிந்துகொள்ள விரும்புவது என்ன’ என்று ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் அலைச்சல் வெகுவாகக் குறைகிறது.

வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற பாதுகாப்பு அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 ஆனால் வாரத்துக்கே சுமார் 20 நிமிடம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிறது என்பது கணக்கு. தினமும் ஒன்றரை மணி நேரம் கேட்கிறவருக்கு வாரத்துக்கு ஏழரை மணி நேரம் ஆகிறது. 90-ஐத் தொட்டால் எல்லையைத் தாண்டியாகிவிட்டது. காதின் உள்ளே ஒலியைப் பிடிக்கிற நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப வளராது. போனின் முழு ஒலியில் 60 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்பது எளிய அறிவுரை.

சத்தத்தைத் தோற்கடிக்க ஒலியைக் கூட்டுவதைவிட, சத்தத்தை உள்ளே விடாமல் இருப்பதே வழி. காதை நன்றாக அடைக்கிற ரப்பர் முனை இயர்போன் விலை குறைவானதாக இருந்தாலும் பெரிய உதவி. இரைச்சலை நீக்கும் வசதியுள்ள ஹெட்போன் இன்னும் நல்லது. அது வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை ஒலித்து அமுக்குகிறது. என்ஜின் உறுமல்போல ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தத்தை நன்றாக அமுக்கும். மனிதக் குரலை அந்த அளவுக்கு அமுக்காது.

ஒரு காலத்தில் நான் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டே போனவன். ஒருநாள் இரவு அமைதியான அறையில் இடது காதில் மெல்லிய ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் தூங்கும்வரை விடவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது. அன்றோடு குறைத்துவிட்டேன்.

நானே வண்டி ஓட்டுகிறேன். கேட்கலாமா?

இருசக்கர வண்டியில் வேண்டாம். பின்னால் வரும் வண்டியின் ஒலி கேட்டாக வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இயர்போன் அதை மறைத்துவிடும். சைக்கிளுக்கும் இதே பதில்.

காரில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்கலாம். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரேயர் குழுவினர் 2013-இல் அளந்து பார்த்தபோது வானொலியும் ஒலிநூலும் ஓட்டுநரின் கவனத்தைக் குறைவாகவே இழுத்தன. போனில் பேசுவது, கையில் பிடிக்காமல் பேசினாலும்கூட, அதைவிட அதிகமாக இழுத்தது. கிளம்புவதற்கு முன்னாலேயே எதைக் கேட்பது என்று தேர்ந்து ஓடவிட்டுவிடுங்கள். ஓட்டும்போது திரையைத் தொட வேண்டாம். புதிய வழி, மழை, நெரிசல் என்றால் அணைத்துவிடுங்கள். பதில் சொல்லிப் பழகும் மொழிப்பாடங்களும், மேலே சொன்ன ஐந்து நிமிட நினைவுகூர்தலும் ஓட்டுகிறவர்களுக்கு வண்டியை நிறுத்திய பிறகுதான். நிறுத்தி, சாவியை அணைத்து, இரண்டு நிமிடம் இருக்கையிலேயே உட்கார்ந்து செய்யலாம். இயர்போன் மாட்டி ஓட்டுவது பற்றி இடத்துக்கு இடம் சட்டம் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடப்பவர்கள் சாலையைக் கடக்கும்போது ஒலியை நிறுத்த வேண்டும்.

என் பயணம் 15 நிமிடம்தான். போதுமா?

போதும். ஒரே ஒரு கருத்து, 12 நிமிடம் கேட்பது, 3 நிமிடம் நினைப்பது. ஒன்றரை மணி நேர நேர்காணல்களை மட்டும் எடுக்காதீர்கள். ஆறு துண்டாக்கிக் கேட்டால் தொடக்கம் மறந்துபோகும்.

தேர்வுக்குப் படிக்கிறேன். என் குறிப்புகளை நானே பதிவு செய்து கேட்கலாமா?

கட்டாயம் செய்யுங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஃபாரின், மெக்லியட் என்ற இருவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களைத் தானே வாய்விட்டுப் படித்தவர்களுக்கு நினைவு அதிகம் இருந்தது. அடுத்து, தன் குரலின் பதிவைக் கேட்டவர்கள். அடுத்து, வேறொருவர் குரலைக் கேட்டவர்கள். கடைசியில், மனதுக்குள் படித்தவர்கள். பதிவு செய்யும்போது வாய்விட்டுப் படிக்கிறோம், பயணத்தில் நம் குரலையே கேட்கிறோம். முதல் இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது.

குறிப்பை அப்படியே வாசித்துப் பதிவு செய்யாதீர்கள். கேள்வியாக மாற்றுங்கள். ‘பச்சையம் எந்த நிற ஒளியைக் குறைவாக உறிஞ்சுகிறது?’ என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஆறு எண்ணும்வரை வாயை மூடிக்கொள்ளுங்கள். பிறகு, ‘பச்சை. அதனால்தான் இலை பச்சையாகத் தெரிகிறது’ என்று விடை சொல்லுங்கள். இப்படி இருபது கேள்வி சேர்ந்தால் ஏழெட்டு நிமிடப் பதிவு. போனில் இருக்கிற சாதாரணக் குரல்பதிவு ஆப் போதும். மின்விசிறியை மட்டும் அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். முதல் தடவை சொந்தக் குரல் யாரோ பேசுவதுபோல இருக்கும். மற்ற நேரத்தில் நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது, பதிவில் காற்று வழியாக மட்டும் வருகிறது, அதனால்தான். மூன்று நாளில் பழகிவிடும்.

கேட்க எங்கே கிடைக்கும்? செலவாகுமா?

செலவில்லாமலே நிறையக் கிடைக்கிறது. பாட்காஸ்ட்களில் பெரும்பாலானவை இலவசம். லிப்ரிவாக்ஸ் என்ற தன்னார்வ முயற்சி 2005-இல் தொடங்கியது; காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பொதுச்சொத்தாக வெளியிடுகிறார்கள். பல மொழிகளில் இருக்கிறது, ஆங்கிலம்தான் அதிகம். பல்கலைக்கழகங்கள் பல தங்கள் விரிவுரைகளைத் திறந்துவைத்திருக்கின்றன. தமிழில் ஒலியாக இல்லாத கட்டுரை என்றால், போனிலேயே இருக்கும் எழுத்தை வாசிக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். உச்சரிப்பு அங்கங்கே இடறும், பொருள் புரியும்.

வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொண்டு கிளம்புங்கள். பேச்சுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் தரம் தாராளம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்பி ஆகும். முந்தின இரவே மறுநாள் கேட்பதைத் தேர்ந்துவிட வேண்டும் என்பது இதைவிட முக்கியம். வண்டியில் ஏறிய பிறகு தேடத் தொடங்கினால் பாதி வழி தேடுவதிலேயே போய்விடும்.

களைப்பாக இருக்கும் நாளிலும் கேட்க வேண்டுமா?

வேண்டாம். கண் சொருகுகிறபோது கேட்பது எதுவும் ஏறாது. ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், தூங்குங்கள்.

இயர்போனை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். அன்று?

அன்று அந்த வாரம் கேட்டதையெல்லாம் திங்கட்கிழமையிலிருந்து வரிசையாக எடுத்துப் பாருங்கள். போன மாதம் எனக்கு இப்படி ஒருநாள் அமைந்தது. திங்களன்று கேட்டது மூன்றும் வந்தது. செவ்வாயில் இரண்டு வந்தது, மூன்றாவது ஒரு பெயரில் சிக்கி நின்றது. புதன்கிழமை சுத்தமாக வெறுமை. ஏதோ கடல் பற்றியது என்பது மட்டும் தெரிந்தது. இறங்கும்வரை முயன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் புதியது எதையும் எடுக்காமல் புதன்கிழமை எபிசோடையே போட்டேன். நிலவு கடலை இழுத்து ஓதம் வருவது பற்றி. பூமியில் நிலவைப் பார்க்கிற பக்கத்தில் மட்டுமல்லாமல் எதிர்ப்பக்கத்திலும் ஏன் நீர் மேலெழுகிறது என்று விளக்கிய இடத்தில்தான் நான் முதல் தடவை நழுவியிருக்கிறேன். அந்த நான்கு நிமிடத்தை இரண்டு தடவை கேட்டேன். பாலம் வந்ததும் நிறுத்தினேன்.